கோளாறைத் தேடிப் பிடித்த கெட்டரிங்

காரில் ஏறி உட்காருகிறார்கள். சாவியைத் திருப்புகிறார்கள். விர் என்று ஒரு சத்தம். என்ஜின் ஓடத் தொடங்கிவிடுகிறது.

இன்று இது யாருக்கும் அதிசயமாகத் தோன்றுவதில்லை. ஆனால் 1911-ம் ஆண்டுக்கு முன்பு காரைக் கிளப்புவது ஒரு மல்யுத்தமாகவே இருந்தது. அந்த மல்யுத்தத்துக்கு முடிவு கட்டியவர், கண் பார்வை சரியில்லாமல் படிப்பையே பாதியில் விட்ட ஒரு வாலிபர். அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காக்காரர்.

காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை நம் ஊர் மெக்கானிக்குகள் செல்ஃப் என்று சொல்வார்கள். அந்த செல்ஃபைக் கார்களில் நிலைநாட்டியவர் இவர்தான்.

கையை ஒடித்த கைப்பிடி

அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப வேண்டுமானால், ஒருவர் காரின் முன்னால் போய் நிற்க வேண்டும். வளைந்த இரும்புக் கைப்பிடியை என்ஜினில் செருக வேண்டும். பலம் கொண்ட மட்டும் சுற்ற வேண்டும்.

சில சமயம் என்ஜின் முரண்டு பிடிக்கும். நேரம் தவறி வெடித்து, எதிர்ப் பக்கமாக ஒரு உதை உதைக்கும். அந்த வேகத்தில் கைப்பிடி திருப்பி அடிக்கும். மணிக்கட்டு ஒடிந்தவர்கள் உண்டு. முகத்தில் அடிபட்டவர்களும் உண்டு.

பெண்களும் வயதானவர்களும் தனியாகக் கார் ஓட்டவே தயங்கினார்கள். வழியில் என்ஜின் நின்றுவிட்டால், கைப்பிடி சுற்ற ஓர் ஆளைத் தேட வேண்டும் அல்லவா?

கண் கெட்டது

கெட்டரிங் 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி பிறந்தார். ஊர் ஒகையோ மாகாணத்தில் உள்ள லவுடன்வில். பெற்றோர் விவசாயிகள். ஐந்து குழந்தைகளில் அவர் நான்காவது.

சின்ன வயதிலேயே அவருக்குக் கண் கோளாறு இருந்தது. கொஞ்ச நேரம் படித்தால் போதும், தலை வலிக்கும். ஆனாலும் பள்ளிப் படிப்பை முடித்தார். கிராமத்துப் பள்ளியில் உபாத்தியாயராக வேலை பார்த்தார். பிறகு ஒகையோ சர்வகலாசாலையில் என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தார்.

அங்கே படிப்புச் சுமை அதிகம். கண் வலி தாங்க முடியவில்லை. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

வேறு ஒருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். கெட்டரிங் டெலிபோன் கம்பி போடும் வேலையில் சேர்ந்தார். குழி தோண்டினார். கம்பம் நட்டார். கம்பி இழுத்தார். சீக்கிரத்தில் அந்தக் கூட்டத்துக்கே மேஸ்திரி ஆனார்.

கம்பத்தில் படித்த பாடம்

டெலிபோன் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. பல மைல் தூரத்துக்குக் கம்பி போகும். ஏதோ ஓர் இடத்தில் கோளாறு. பேச்சு கேட்கவில்லை. கோளாறு எங்கே என்று கம்பி தானாகச் சொல்லாது. மனிதன்தான் தேடிப் போக வேண்டும்.

எல்லாக் கம்பியையும் பிடுங்கிப் போட்டுப் புதுக் கம்பி கட்டுவது மூடத்தனம். நடுவில் ஓர் இடத்தில் சோதிக்க வேண்டும். அங்கே சரியாக இருந்தால், கோளாறு அதற்கு அப்பால். சரியில்லை என்றால், அதற்கு இப்பால். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், கடைசியில் கோளாறு கைக்குள் வந்துவிடும். கம்பி வேலைக்காரர்களின் வழி இதுதான்.

வெளிக்காற்றும் உடல் உழைப்பும் கெட்டரிங்கின் கண்ணுக்கு இதம் தந்தன. மறுபடியும் சர்வகலாசாலைக்குப் போனார். கண்ணுக்குச் சிரமம் வராமல் இருக்க, கூடத் தங்கியிருந்தவர்களைப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்டுக்கொண்டார். 1904-ம் ஆண்டு பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 27. மற்ற மாணவர்களைவிட மூத்தவர். ஆனால் கையில் வேலை தெரிந்தவர்.

டெலிபோன் வேலை பார்த்தபோது ஆலிவ் வில்லியம்ஸ் என்ற பெண்ணுடன் பழக்கம் ஏற்பட்டது. 1905-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

கல்லாப் பெட்டிக்குள் மோட்டார்

பட்டம் வாங்கியதும், டேட்டன் நகரில் கடைகளுக்கான கணக்குக் கல்லாப் பெட்டி செய்யும் நேஷனல் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். ஒவ்வொரு விற்பனைக்கும் அதைச் சுற்ற வேண்டும். இதை மின்சாரத்தில் ஓடச் செய்ய வேண்டும் என்பது கெட்டரிங்குக்குத் தரப்பட்ட வேலை.

அது நடக்காது என்று பலர் நினைத்தார்கள். அவ்வளவு பலமுள்ள மோட்டார் பெட்டியைவிடப் பெரிதாக இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

கெட்டரிங் வேறு விதமாக யோசித்தார். நாள் முழுவதும் ஓடும் மோட்டாருக்குத்தான் பெரிய உடம்பு வேண்டும். இல்லாவிட்டால் சூடேறி எரிந்துவிடும். ஆனால் கல்லாப் பெட்டி மோட்டார் எவ்வளவு நேரம் ஓடப் போகிறது? ஒரு நொடி. பிறகு ஓய்வு. அந்த ஒரு நொடிக்குச் சின்ன மோட்டாரிடம் பெரிய வேலை வாங்கலாம். ஓய்வில் அது ஆறிவிடும்.

அப்படியே செய்தார். வெற்றி பெற்றார்.

கொட்டகையில் பிறந்த கம்பெனி

அந்தக் கம்பெனியில் அவருக்கு மேல் அதிகாரியாக இருந்தவர் எட்வர்டு டீட்ஸ். அவர் வீட்டின் பின்புறம் ஒரு கொட்டகை இருந்தது. பகலில் கம்பெனி வேலை. இரவில் அந்தக் கொட்டகையில் கார் ஆராய்ச்சி. கூட வேலை பார்த்த சில நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

என்ஜினில் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். அக்காலத்துக் கார்களில் ஒரு பொறி போதும் என்ற இடத்தில் படபடவென்று பல பொறிகள் பறந்தன. பாட்டரி வீணாகித் தீர்ந்தது. ஒரே ஒரு நல்ல பொறியைச் சரியான நேரத்தில் கொடுக்கும் ஏற்பாட்டைக் கெட்டரிங் செய்தார். காடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலண்ட் அதை வாங்கி, 1910-ம் ஆண்டு மாடல் கார்களில் பொருத்தினார்.

1909-ல் கெட்டரிங் வேலையை விட்டார். டீட்ஸுடன் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து டெல்கோ என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் பின்னர் உலகெங்கும் பரவியது.

சில நொடி வேலை

அடுத்து வந்தது கைப்பிடிப் பிரச்னை. வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரைக் கிளப்பிக் கொடுக்கப் போன லீலண்டின் நண்பர், கைப்பிடி அடித்ததால் இறந்தார் என்றும், அந்தத் துக்கத்தில்தான் லீலண்ட் கெட்டரிங்கின் உதவியை நாடினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படி இருந்தாலும், லீலண்டுக்கு ஸ்டார்ட்டர் தேவைப்பட்டது உண்மை.

நிபுணர்கள் மறுபடியும் தலையை ஆட்டினார்கள். கார் என்ஜினைச் சுற்றும் மின்சார மோட்டார், என்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்றார்கள்.

கெட்டரிங்குக்குக் கல்லாப் பெட்டி நினைவுக்கு வந்தது. என்ஜின் கிளம்பச் சில நொடிகள் போதும். சில நொடிகளுக்குச் சின்ன மோட்டார் தாங்கும்!

இன்னொரு தந்திரமும் செய்தார். என்ஜின் கிளம்பிய பிறகு அதே மோட்டாரை என்ஜின் சுற்றும். அப்போது அது டைனமோவாக மாறும். செலவான மின்சாரத்தை மறுபடி பாட்டரியில் நிரப்பும். அதே பாட்டரி விளக்குக்கும் பொறிக்கும் மின்சாரம் தரும். ஆக ஸ்டார்ட்டர், டைனமோ, விளக்கு, பொறி எல்லாம் ஒரே குடும்பம் ஆயின.

1911-ன் தொடக்கத்தில் இந்தக் கருவியை காடிலாக் கம்பெனிக்கு ஓட்டிக் காட்டினார்கள். 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது. காடிலாக் கம்பெனிக்கு இதற்காக இங்கிலாந்தின் டூவர் கோப்பை கிடைத்தது.

மலிவுக் காருக்கும் வந்தது

காடிலாக், பணக்காரர் கார். சாதாரண ஜனங்கள் வாங்கிய கார் ஃபோர்டு கம்பெனியின் டி மாடல். அதில் பாட்டரி கிடையாது. 1915-ல் அதற்கு மின்சார விளக்கு வந்தது. ஆனால் விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை என்ஜினோடு சேர்ந்து சுற்றும் காந்தங்கள் உண்டாக்கின.

இதனால் ஒரு வேடிக்கை. கார் வேகமாகப் போனால் விளக்கு பளிச்சென்று எரியும். மெதுவாகப் போனால் மங்கிவிடும். இருட்டில், குண்டும் குழியுமான பாதையில், மெதுவாகப் போகும்போதுதானே வெளிச்சம் வேண்டும்? அப்போது வெளிச்சம் இராது!

பாட்டரி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. 490 டாலர் விலையில் வந்த செவர்லே காரில், 60 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் மின்சார விளக்கும் ஸ்டார்ட்டரும் கிடைத்தன. 1919-ல் டி மாடலுக்கும் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி மெல்ல மெல்ல மறைந்தது. பெண்கள் தைரியமாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

பழைய காரும் சின்னக் கோளாறும்

மின்சாரம் வந்ததும் மின்சாரக் கோளாறும் கூடவே வந்தது. இன்றும் குறைந்த விலைக்குப் பழைய கார் வாங்கியவர்களைத் தொந்தரவு செய்வது இந்தச் சில்லறைக் கோளாறுகள்தான். அவற்றைப் பிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். மின்சாரத்துக்குப் போக ஒரு வழி வேண்டும். திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும்.

போகும் வழி, ஒயர். திரும்பும் வழி, பெரும்பாலான கார்களில் காரின் இரும்பு உடம்பே. இதை எர்த் என்பார்கள். ஒயரை எல்லோரும் பார்ப்பார்கள். எர்த்தைப் பார்க்க மறந்துவிடுவார்கள். பழைய காரில் துருப் பிடிப்பது அங்கேதான்.

இண்டிகேட்டரைப் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறதா? பெரும்பாலும் அந்த விளக்கின் எர்த் கெட்டிருக்கும். திரும்பும் வழி அடைபட்டதால், மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாகச் சுற்றிப் போகிறது. துருவைச் சுரண்டி, திருகை முடுக்கினால் சரியாகிவிடும்.

இண்டிகேட்டர் வழக்கத்துக்கு மாறாக வேகமாகவோ மெதுவாகவோ சிமிட்டினால், முதலில் பல்புகளைப் பார்க்க வேண்டும். ஒன்று எரிந்து போயிருக்கலாம்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃபை இயக்கிப் பார்க்கலாம். விளக்கு அடியோடு மங்கினால், பாட்டரியில் சக்தி குறைவு, அல்லது பாட்டரி முனையில் பிடிப்பு சரியில்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்தால், மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. சுவிட்சையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும்.

பாட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு, பலரை ஏமாற்றியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்தாலே போதும் என்ற இடத்தில், புதுப் பாட்டரி வாங்கிப் பணத்தை இழந்தவர்கள் பலர். எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். கடைசியில் மாட்ட வேண்டும். பாட்டரிக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

வண்டி ஓடும்போது பாட்டரிச் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தால், பாட்டரிக்கு மின்சாரம் சரியாக ஏறவில்லை. முதலில் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு ஒயர். இதுதான் சோதனை விளக்கு. ஒரு ஒயரை எர்த்தில் வைத்து, மற்றொன்றால் வழியில் உள்ள இணைப்புகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எட்டு இணைப்பு இருந்தால் நடுவில் தொடங்க வேண்டும். டெலிபோன் கம்பிக்குச் சொன்ன அதே பாதிக் கணக்கு! மூன்று சோதனையில் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பியைக் கட்டக் கூடாது. ஃபியூஸ் குற்றவாளி அல்ல, காவல்காரன். காவல்காரனைக் கட்டிப் போட்டால் வீடு எரியும். கோளாறு தீர்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் ஒயருக்குள் நெருப்பாகக் காத்திருக்கும்.

பழி யார் மேல்?

இதே போன்ற ஒரு வழக்கு கெட்டரிங்கின் வாழ்க்கையிலும் வந்தது.

மேடு ஏறும்போது கார் என்ஜின்களில் டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்டது. என்ஜினின் பலம் குறைந்தது. புதிதாக வந்த பாட்டரிப் பொறிதான் காரணம் என்று பலர் கெட்டரிங் மேல் பழி போட்டார்கள்.

கெட்டரிங் வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. ஆராயத் தொடங்கினார். தாமஸ் மிட்ஜ்லி என்ற வாலிபரை இந்த வேலையில் அமர்த்தினார். என்ஜினுக்குள் நடப்பதைக் கூர்ந்து பார்த்தார்கள். குற்றம் பொறியில் இல்லை. எரிபொருள் எரியும் விதத்தில் இருந்தது என்று தெரிந்தது.

இதற்கிடையே டெல்கோ கம்பெனி கைமாறி, ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்தது. 1920-ல் அந்தப் பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிப் பகுதிக்குக் கெட்டரிங் தலைவரானார். பெட்ரோலில் எதையாவது கலந்து தட்டும் சத்தத்தை நிறுத்த முடியுமா என்று ஏராளமான பொருள்களைச் சோதித்தார்கள். 1921-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி விடை கிடைத்தது. ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைச் சில துளி கலந்தால் சத்தம் அடங்கியது. 1923-ல் டேட்டன் நகரில் அந்தப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

மருந்தே நஞ்சானது

ஈயம் நஞ்சு. இது அன்றைக்கும் தெரிந்த விஷயம். வேறு மருந்து தேடியிருக்க வேண்டும் என்று எச்சரித்த டாக்டர்கள் இருந்தார்கள்.

1924-ம் ஆண்டு அக்டோபரில், நியூஜெர்சி மாகாணத்தில் அந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிற்சாலையில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். புத்தி தடுமாறி, வேதனைப்பட்டு இறந்தார்கள். அமெரிக்கா அதிர்ந்தது. 1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. விசாரணை நடந்தது. ஆனால் 1926-ல் மறுபடி விற்பனை தொடங்கிவிட்டது. இந்தத் திரவத்தை விற்ற எத்தில் கம்பெனியின் முதல் தலைவர் கெட்டரிங்தான்.

பிறகு பல ஆண்டுகள், கார்களின் புகையோடு ஈயம் காற்றில் கலந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. அவர்களின் அறிவு வளர்ச்சியைக் கெடுத்தது. ஒவ்வொரு நாடாக அதைத் தடை செய்தன. இந்தியாவில் 2000-ம் ஆண்டில் ஒழிந்தது. கார்களுக்கு அந்தப் பெட்ரோலை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் அதை நிறுத்தியது.

டக் டக் சத்தத்தின் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவர்தான் கெட்டரிங். ஆனால் தீர்த்து வைத்த கோளாறு வேறு எங்கே போய் நிற்கும் என்பதைக் கடைசி வரை தேடிப் பார்க்கவில்லை. ஃபியூசுக்குப் பதில் தடித்த கம்பி கட்டிய கதையாக அது முடிந்தது.

தோல்வியும் பெருமையும்

அவருக்குத் தோல்விகளும் உண்டு. தண்ணீருக்குப் பதிலாகக் காற்றால் குளிரும் என்ஜினை மலிவான செவர்லே காருக்காகச் செய்தார். 1923-ல் வந்த அந்தக் கார்கள் சூடேறித் தொல்லை கொடுத்தன. விற்ற கார்களைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. மனம் நொந்த கெட்டரிங், வேலையை விட்டுப் போகவும் தயாரானார். கம்பெனித் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் அவரை விடவில்லை.

மேலும் பல ஆண்டுகள் உழைத்தார். ரெயில்களை இழுக்கும் டீசல் என்ஜின் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தால் சிறப்படைந்தது. 1945-ல் ஸ்லோனும் அவரும் பெயர் கொடுத்து, நியூயார்க் நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அடுத்த ஆண்டு அவருடைய மனைவி ஆலிவ் காலமானார். 1947-ல் கெட்டரிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

அவர் பெற்ற கண்டுபிடிப்பு உரிமைகள் 186. டேட்டனை அடுத்த ஒரு நகரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1958-ம் ஆண்டு நவம்பரில், தமது 82-ம் வயதில் அவர் காலமானார்.

பாட்டரி, காயில், பாயிண்ட் என்று அவர் வகுத்த ஏற்பாடு, அவர் இறந்த பிறகும் பல ஆண்டுகள் உலகத்துக் கார்களை ஓட்டியது. பழைய கார்களில் இன்றும் அது ஓடுகிறது.

அந்தக் கார்களைப் பழுது பார்க்கிறவர்களுக்கு அவர் வாழ்க்கை இரண்டு பாடங்களை விட்டுச் சென்றிருக்கிறது. கோளாறு எங்கே என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. மாற்றிய பிறகு, புதுக் கோளாறு எங்காவது முளைத்திருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. முதல் பாடத்தை அவர் வெற்றி சொல்கிறது. இரண்டாவது பாடத்தை அவர் தவறு சொல்கிறது.